படித்துக் காட்டாமல் அச்சில்லை

எங்கள் வாரப் பத்திரிகை எந்தக் கிழமை வரும் என்று கேட்டால் கல்கத்தா காளிகாட்டில் சிரிப்பார்கள். சனிக்கிழமை வரவேண்டியது. திங்களுக்குள் வந்துவிட்டால் அதிசயம். அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஆசிரியரின் பிடிவாதம், அதாவது என் வீட்டுக்காரரின் பிடிவாதம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருக்கு முதலில் படித்துக் காட்டவேண்டும். படித்துக் காட்டாமல் அச்சில்லை.

அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் படிப்பார். அவர்கள் கத்தினால் அதையும் மறுப்பாகச் சேர்த்துப் போடுவார், ஆனால் ஒரு எழுத்தை மாற்றமாட்டார். அடிபட்ட ஜனங்களுக்கு வேறு நியாயம். வீடு தேடிப் போய்ப் படிப்பார். தங்களைப் பற்றிய ஒரு வரி வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அது எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் போய்விடும். காரணம் சொல்லாமல் கைது, லாக்கப்பில் அடி, முன்னறிவிப்பு இல்லாமல் இடித்த குடிசை என்று பத்திரிகை முழுக்க இவைதான். சினிமாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் நாலு பேர் வாங்குவார்களே என்று சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவர் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து மூன்று தலைமுறையாகிறது. வீட்டில் தமிழ் பேசுவார், எழுதுவதெல்லாம் வங்காளத்தில். நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பக்கத்துத் தமிழர் விஷயம் என்றால் என்னையும் கையோடு இழுத்துக்கொண்டு போவார்.

அப்படி ஒரு தடவை போனோம். ரயில் யார்டை ஒட்டி ஒரு குடிசை. அங்கே இருந்த அம்மாளின் மகனைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. கோர்ட்டிலும் நிறுத்தவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. அவர் எழுதியதைப் பார்த்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'நாதியற்ற இந்தத் தாய்' என்று வந்ததும் அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"யாரு நாதியத்தவ? எம் மவன் இருக்கான். உசுரோட இருக்கான்னுதானே உங்களக் கூப்பிட்டேன்? அத எடுக்கச் சொல்லும்மா."

"அது இருந்தாத்தான் படிக்கிறவங்க மனசு இளகும்" என்றேன்.

"இளக வேணாம். எடுங்க."

அவர் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். திரும்பி வரும்போது சந்து முனையில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"பயமா இருக்கா?" என்றேன்.

"ரொம்ப" என்றார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. கட்டுரை வந்த பிறகு அந்தப் பையனைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நொண்டிக்கொண்டுதான் வந்தான், ஆனால் அம்மாவிடம் வந்து சேர்ந்தான்.

போன குளிர்காலத்தில் அவர் படுத்துவிட்டார். டாக்டர் கையை விரித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. பத்திரிகைக்காரரிடம் செய்தியை மறைக்கப் பார்த்த புத்திசாலி நான்! ஒரு நாள் பகலில் உதவி ஆசிரியை வீட்டுக்கு வந்தாள். மகள் வயதுள்ள வங்காளிப் பெண், அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்றும் என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்றும் கூப்பிடுவாள். கையில் இரண்டு தாள்.

"வரச் சொன்னது நான்தான்" என்றார் படுக்கையிலிருந்து. "என்னைப் பத்தி எழுதியிருக்கா. படிச்சுக் காட்ட வந்திருக்கா."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தேன். "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு யாராவது இரங்கல் எழுதுவாங்களா? வீட்டுல பேசுற பேச்சா இது?"

"செத்தப்புறம் எனக்கு எப்படிப் படிச்சுக் காட்டுவீங்க?" என்று கேட்டார். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?"

அந்தப் பெண் தாளைப் பிரித்தாள். அவள் அழுவதைப் பார்த்ததும் என் கோபம் எங்கேயோ போய்விட்டது. நானே வாங்கிப் படித்தேன். 'அச்சம் என்பதையே அறியாதவர்' என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது.

"பொய். எடு."

"பல்லி விழுந்தாலே என்னைத்தான் கூப்பிடுவார்" என்று நானும் அவளிடம் சொன்னேன். 'பயந்தார், ஆனாலும் போனார்' என்று அவர் சொல்லச் சொல்ல அவள் மாற்றி எழுதினாள். மூன்று பேரும் கொஞ்சம் சிரித்தோம். அந்த அறையில் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அப்புறம் கடைசி வரி வந்தது. வாய்விட்டுப் படிப்பதற்கு முன்பே அது என் கண்ணில் பட்டுவிட்டது. தாளை அவளிடம் கொடுத்தேன். அவள் மெல்லப் படித்தாள். 'மனைவியைத் தனியே விட்டுச் சென்றிருக்கிறார்.'

அவர் விரலைத் தூக்கினார். "இது அவளைப் பத்தின வரி. அவகிட்டக் கேட்டியா?"

"எல்லாருக்கும் எழுதுறதுதானே, தாதா" என்றாள் அவள் தயங்கி.

அவர் என் பக்கம் திரும்பினார். மற்றவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர்களிடம் எப்படிக் கேட்பாரோ, அதே பணிவோடு என்னிடம் கேட்டார். "உனக்குச் சம்மதமா?"

எத்தனையோ பேரிடம் அவர் இப்படிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். கேட்கப்படுகிறவர்களுக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது.

"இல்ல" என்றேன். "நீங்க இருக்கீங்க. எடுக்கச் சொல்லுங்க."

அவர் வாதாடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "எடுத்துரும்மா" என்றார். அவள் அடித்தாள். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கஞ்சி ஆறிப்போயிற்று, சூடு பண்ணிக் கொடுத்தேன்.

குளிர் முடிவதற்குள் போய்விட்டார். அந்த வாரம் பத்திரிகை சரியாகச் சனிக்கிழமை காலையிலேயே வந்தது. படித்துக் காட்டும் வேலைதான் முன்பே முடிந்திருந்ததே.

அன்று கல்கத்தாவிலேயே சால்ட் லேக்கில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி, உங்களைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் காணோமே? இவ்வளவு நாள் கூட இருந்தவங்களை மறந்துட்டாங்களா?"

"மறக்கல" என்றேன். "படிச்சுக் காட்டினாங்க. நான்தான் சம்மதிக்கல."