சீனி குடு

பழைய தேனீப் பெட்டி மூடியின் உட்புறத்தில் மாமா பென்சிலால் எழுதியது இன்னும் அழியவில்லை: “உண்ணி. சீனி குடுத்தாச்சு. தூள் போட்டாச்சு. வெள்ளி.” எந்த மாதத்து வெள்ளி என்று இல்லை. கெலிஓயாவில் நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த வருடம் என்பது மட்டும் நிச்சயம்.

அம்மாவின் தம்பியான மாமா ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். சிங்களம் அதிகம் வராது. அவருடைய தேனீக்களின் முதுகில் செம்புள்ளிகளாக ஏதோ ஒட்டியிருந்தது. பார்க்க வந்த சிங்கள விவசாய உத்தியோகத்தர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: “உண்ணிதான். சீனி குடு. சரியா போகும்.”

அவர் போனதும் மாமா முறைத்தார். “குடுங்கன்னு வாயில வராதாமா?” ஆனாலும் சீனிப்பாகு காய்ச்சிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. மாமாவின் சந்தேகம் வேலிக்கு அப்பால் போஞ்சி பயிரிட்டிருந்த முஸ்லிம் நானாவின் மேல் விழுந்தது. பூச்சிமருந்து வாசத்தைத் தானே மோந்ததாக அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் நம்பினாள். பெருநாளுக்கு நானா வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பத்தைச் சிரித்தபடி வாங்கி, கொய்யா மரத்தடியில் கொட்டினாள். எறும்புகள் சாகின்றனவா என்று நான் குந்தியிருந்து பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை.

மறுநாள் வேலியோரம் நானா கேட்டார்: “எப்புடி மகள், இனிப்பு காணுமா?” போதும் என்று நான் தலையாட்டினேன். அவர் குரலைத் தணித்தார். “நான் போஞ்சிக்கு மருந்தடிச்சு மாசத்துக்கும் மேல. மாமாட்ட சொல்லுங்க.”

இரவுச் சாப்பாட்டில் அப்படியே சொன்னேன். பொய் என்றார் மாமா. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்ததால் கேட்டேன்: “நாய்க்குப் போடுற உண்ணித் தூள் டின் காலியா கெடக்கு. நாய் இன்னும் சொறியுதே?”

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா பாதிச் சோற்றில் கை கழுவினார். குழம்பில் காரம் கூடிவிட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

சிங்களத்தில் ‘குடு’ என்றால் தூள் என்பது, வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உண்ணி உதிர, சீனியைப் பொடியாக்கித் தேனீக்களின் மேல் தூவச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

அடுத்த பெருநாளுக்கு நானா வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. கொய்யா மரத்தடி வேலியிலிருந்து பார்த்தால் தெரியும். அவர் பார்த்தாரா என்பது தெரியாது. மூடியில் உள்ள ‘தூள்’ நாயுடையதுதான் என்று மாமாவும் இன்றுவரை சொல்லவில்லை. ஆகவே அதையும் உறுதிசெய்யப்படாததாகவே எழுதுகிறேன்.