பீடத்தில் ஏறிய ஜப்பான்காரி

அப்பா வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து ஒரு மெஷின் வந்தது. பெட்டிக்குள் பாகங்கள் ஆடாமலிருக்க ஏதோ புத்தகத்தைக் கிழித்துக் கசக்கி அடைத்திருந்தார்கள். அதில் ஒரு தாளை அப்பா நீவி எடுத்துவந்தார். ஒரு பெண். முகத்தில் பாதி கண்தான். கைகூப்பி, கண்ணீரோடு மேலே பார்க்கிறாள். சுற்றிலும் ரோஜாக்கள், தலைக்குப் பின்னால் ஒளி, ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் எழுத்து.

“ஜப்பான் மாதா,” என்றார் அப்பா.

வேளாங்கண்ணி மாதா சேலை கட்டும்போது ஜப்பான் மாதா இப்படி இருக்கக் கூடாதா என்ன? அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. “இன்னாமா அழுவுறாங்க பாரு,” என்று அவளும் கண் கலங்கினாள். ஃப்ரேம் போட்டு, வீட்டுப் பீடத்தில் இருதய ஆண்டவர் பக்கத்தில் வைத்தோம். மேனாம்பேட்டில் எங்கள் தெருப் பெண்கள் மெழுகுவர்த்தியோடு வந்து முட்டி போட்டார்கள்.

எனக்குப் பதினைந்து வயது. கோயில் பாடற்குழுவில் தபேலா வாசித்த பையன் குடும்பத்தோடு ஆவடிப் பக்கம் போய்விட்டிருந்தான். அதை மற்ற மாதாக்களிடம் எப்படிச் சொல்வது? எல்லாரும் தலைமையாசிரியை மாதிரி நேராகப் பார்ப்பார்கள். இவளாவது அழுதுகொண்டிருந்தாள். ஜெபமாலை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, “அவன் திரும்பி வரணும் மாதாவே,” என்று இவளிடம் மட்டும் முணுமுணுப்பேன்.

மெஷினைப் பொருத்த வந்த ஜப்பான் இன்ஜினியரை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அழைத்தார். தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அப்பா அவரை நேராகப் பீடத்துக்குக் கூட்டிப்போய், “யுவர் மாதா, சார்!” என்றார். எழுத்தைத் தொட்டுக் காட்டி, “இன்னா சொல்றாங்க? டெல் சார்,” என்று கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நோ மாதா. கேர்ள்ஸ் காமிக். பாய் கோ அவே. ஷி க்ரை. ஷி சே, கம் பேக்.”

கூட்டத்தில் ஒரு அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. “அட கர்மமே, லவ்வு கதையா? இதுக்கா இத்தினி நாளு முட்டி போட்டுகினு இருந்தோம்?” என்றாள். வாசலே சிரித்தது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்தாள்.

என்னை யாரும் பார்க்கவில்லை. ஆனால் என் ஜெபத்தையே அந்த மனிதர் உரக்கப் படித்துவிட்ட மாதிரி எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமையலறைக்குள் ஓடி, வெங்காயப் பச்சடிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் நிலை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஃப்ரேமுக்கு முன்னால் போய்க் கைகூப்பி, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். மனுஷன் சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்போம். அந்தக் கும்பிடுதான் எங்களைக் கூனிக் குறுக வைத்தது. அப்பா தரையைப் பார்த்தபடியே, “சாப்பிடலாம் சார்,” என்றார்.

சாயங்காலம் அம்மா ஃப்ரேமைக் கழற்றினாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் கும்பிட்ட முகத்தைக் கிழிக்க அவளுக்குக் கை வரவில்லை. காலண்டரிலிருந்து லூர்து மாதாவை வெட்டி, அதன் மேலேயே வைத்து மூடி, ஃப்ரேமைத் திரும்பப் பீடத்திலேயே வைத்தாள்.

அன்றைய ஜெபமாலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் எழுந்த பிறகும் நான் எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் லூர்து மாதாவுக்குப் பின்னால் இருக்கிறவளிடம்தான் கேட்டேன், மாதாவே என்று கூப்பிடாமல்.

“அக்கா, உன் ஆளு வந்தானா?”