கண்ணாடி இல்லாத நெருப்பு

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு ஹோலில் குளிர்காய வைத்திருந்த காஸ் ஃபயரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் வந்தார்கள். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பித்தளை விளிம்பு, பொய்க் கரி, தட்டு எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"நல்ல சாமானாக் கிடக்கு. ஏன் அண்ணை கழட்டுறியள்?" என்று அதில் ஒருவர் கேட்டார். எங்கள் தமிழ் ஆள்தான். முன்பின் தெரியாத மனிதரிடம், நின்ற நிலையில் சொல்கிற கதையா அது? உங்களிடம் சொல்லலாம். வாராவாரம் இந்தப் பத்தியில் என் அலட்டலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். அதைவிட, இதில் உங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு... பொறுங்கள், வருகிறேன்.

லண்டன் ஹரோவில் இந்த வீட்டை வாங்கியதும் முதல் வேலையாக ஹோலுக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்தோம். உடைக்காத தமிழ் வீடு ஹரோவில் எங்கே இருக்கிறது? பெரிய ஹோல் கிடைத்தது. கூடவே பெரிய குளிரும் கிடைத்தது. ரேடியேட்டர் என்ன பாடுபட்டும் கால் விறைத்தது. சரி, ஒரு காஸ் ஃபயர் போடுவோம் என்று முடிவெடுத்தோம்.

ரவியைக் கூப்பிட்டேன். முறையாகப் பதிந்த காஸ் இன்ஜினியர், யாழ்ப்பாணம், கை சுத்தம், வாயும் சுத்தம். வந்தான், புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தான், வெளியே போய்ச் சுவரைப் பார்த்தான்.

"அண்ணை, பலன்ஸ்ட் ஃப்ளூ எடுங்கோ. முன்னுக்குக் கண்ணாடி போட்டு இறுக்கி மூடியிருக்கும். எரியிறதுக்கு வேண்டிய காத்தை வெளியில இருந்துதான் எடுக்கும். புகையையும் வெளியிலதான் விடும். வீட்டுக் காத்தோட அதுக்கு ஒரு சோலியும் இல்லை."

மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது. எனக்கு? கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு என்றால் அதை டிவியிலேயே பார்க்கலாமே என்றேன். உண்மை என்னவென்றால், அதற்கு முதல் வாரமே ஷோரூமில் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டு வந்திருந்தேன். முன்பக்கம் திறந்தது. அசல் கரி தோற்றுப்போகும் பொய்க் கரி. அதன்மேல் மஞ்சள் சுவாலை. அதன் முன்னால் கதிரையைப் போட்டு, காலை நீட்டி, கையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால்... இந்தப் பத்தியே வேறு தரத்தில் வரும் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். சத்தியமாக நினைத்தேன்.

"இஞ்சேருங்கோ, அந்தாள் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"ரவிக்கு வேலை தெரியும். ரசனை தெரியாது" என்றேன் — ரவி காதில் விழும்படியாகவே.

ரவி சிரித்தான். "சரி அண்ணை, உங்கட வீடு. சிம்னி நல்லாத்தான் கிடக்கு, போடலாம். ஆனா திறந்த நெருப்பு வீட்டுக் காத்தைத்தான் எடுக்கும். அதுக்குச் சுவரில ஒரு வென்ட், காத்து வாற ஓட்டை, வைக்கவேணும். எண்டைக்கும் திறந்தே இருக்கவேணும். அதை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ."

"ஓம், ஓம்" என்றேன். ஓம் சொல்வதற்கு என்ன செலவு? வெளிச்சுவரில் கிறில் போட்ட ஒரு ஓட்டை வைத்தான். புத்தக அலுமாரிக்கு மேலே, நச்சுக் காற்று பரவினால் கத்துகிற கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்றையும் பூட்டிவிட்டுப் போனான்.

நெருப்பு அழகாகத்தான் எரிந்தது. வந்தவர் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஆனால் அந்த ஓட்டை இருக்கிறதே, அது சரியாக என் கதிரைக்குப் பின்னால். டிசம்பர் காற்று நேரே பிடரியில் வந்து விழுந்தது. எங்கள் ஆட்களின் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? காசைக் கொடுத்துச் சூடாக்கி, ஓட்டையால் தெருவுக்கு அனுப்புவதா? விசர் வேலை. நான் வீட்டில் உடுக்கிற பழைய சாரம் ஒன்றை நாலாய் மடித்து உள்ளே திணித்தேன். அதன்மேல் தமிழ்க் கடையில் தந்த பிள்ளையார் கலண்டரை மாட்டினேன். பிள்ளையாரை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது அலாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கத்தியது. லண்டனில் எங்கள் வீடுகளில் அலாரம் கத்துவது ஒரு செய்தியா? கடுகு வெடித்தால் கத்தும். சாம்பிராணி போட்டால் கத்தும். ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் தொப்பி போட்டுவிட்டுச் சமைக்கிற சாதி நாங்கள். இது வேறு அலாரம், இதற்கும் மீன் பொரியலுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை. யன்னலைத் திறந்தேன், வாயை மூடியது. பிறகும் கத்தக்கூடும் என்று கழற்றி, துவாயில் சுற்றி, குசினி லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடிவிட்டேன்.

இனிச் சுபாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சுபா என் மனைவியின் தங்கை. அப்போது எங்களோடுதான் இருந்தாள். பிளவுஸ் தைப்பாள். ஹரோவில் ஒரு கலியாணம் என்றால் பாதிப் பிளவுஸ் அவள் கையால் தைத்ததாக இருக்கும். மேலே அவள் அறை குளிர் என்பதால் தையல் மெஷினைக் கீழே கொண்டுவந்து நெருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நாள் முழுக்க அந்த இடம்தான்.

அந்தக் குளிர்காலம் அவளுக்குத் தலையிடி வரத் தொடங்கியது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில், சமையல் உச்சத்தில் நிற்கிற நேரம். "அத்தான், தலை இடிக்குது, வயித்தைப் பிரட்டுற மாதிரியும் கிடக்கு" என்பாள். பனடோல் மாத்திரை போட்டுவிட்டுக் கடைக்கு என்று வெளியே போவாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

என் வாய் சும்மா இருக்குமா? "வெங்காயம் உரிக்கிற நேரம் பாத்துத்தான் சுபாவுக்குத் தலையிடி வரும். ஷொப்பிங் எண்டதும் பறந்திடும்" என்றேன். வீடு சிரித்தது. சிரிப்பு வந்தால் நாங்கள் விடுவோமா, பத்தி எழுதுகிறவர்கள்? 'ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி' என்று இதே இடத்தில் எழுதினேன். பெயர் போடவில்லை, மச்சாள் என்று மட்டும்தான் போட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அவ்வளவு மெசேஜ் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. நோர்பரியில் ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒரு அம்மா சுபாவின் கையைப் பிடித்து, "நீர்தானே அந்தத் தலையிடி?" என்று கேட்டிருக்கிறார். சுபாவும் சிரித்தாளாம்.

அதற்குப் பிறகு அவள் தலையிடி என்று சொன்னதே இல்லை. சுகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. நோர்பரியில் இருந்து என் நண்பர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். ஆட்டுக்கறி, மீன் பொரியல், குசினி விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. சுபா நெருப்புக்குப் பக்கத்தில், ஒரு மணப்பெண்ணின் பிளவுஸுக்குக் கை வேலை செய்துகொண்டிருந்தாள்.

"என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்டுமில்லை அக்கா."

நான் விடவில்லை. "இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோ? தலையிடி லீவில போயிட்டுதோ?" நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். சுபாவும் ஊசியைப் பிடித்தபடி சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழும்பினாள். எழும்பியவள் கதிரையோடு சேர்ந்து விழுந்தாள்.

அம்புலன்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். அவருடைய பையில் கொழுவியிருந்த சின்னப் பெட்டி ஒன்று வாசலைத் தாண்டியதும் கத்தத் தொடங்கியது. அவர் முகம் மாறியது. எல்லாரும் உடனே வெளியே, யன்னல் கதவெல்லாம் திறவுங்கள் என்று சத்தம் போட்டார். நண்பர் குடும்பம் கறிக் கோப்பையும் கையுமாக ஜனவரிக் குளிரில் பேவ்மென்டில் நின்றது. எனக்கும் தலை சுற்றத்தான் செய்தது. ஆட்டுக்கறி கூடிப்போச்சு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"உங்கள் வீட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இல்லையா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"இருக்கிறது" என்றேன். "லாச்சிக்குள்."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சுபாவின் முகத்தில் ஒக்சிஜனைப் பூட்டி அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு காஸ் கம்பனி ஆள் ஒருவர் வந்து இணைப்பை மூடினார். வென்ட் எங்கே என்றார். காட்டினேன். பிள்ளையாரை இரண்டு கையாலும் பக்குவமாக எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு, கிறிலுக்குள்ளிருந்து என் சாரத்தை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். சமையல் விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே காற்று வருகிற வழி அடைபட்டிருக்கிறது. அப்போது காற்று புகைபோக்கி வழியாகத்தான் இறங்கும், வெளியே போகவேண்டிய நச்சையும் வீட்டுக்குள் தள்ளிவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் அதிகப் பாதிப்பு. வெளியே போய்வந்தால் தலை தெளியும்.

"இந்த விசிறி எப்போது அதிகம் ஓடும்?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை" என்றேன். அவள் வாராவாரம் கிழமையையும் நேரத்தையும் சொல்லியிருக்கிறாள். நான் அதைப் பகிடியாக்கிப் பத்திரிகையில் போட்டிருக்கிறேன்.

சுபா பிழைத்தாள். முருகா, பிழைத்தாள். ஆனால் கை முன்னைப்போல இல்லை. ஊசியில் நூல் கோக்க நேரமெடுக்கிறது. எடுத்த அளவு மறந்துபோகிறது. ஒருவரின் தோள் அளவை இன்னொருவருக்கு வெட்டிவிட்டு அழுதாளாம். மெல்லச் சரியாகும் என்கிறார் டொக்டர். இப்போது கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள், சேலைக்கு ஃபோல்ஸ் மட்டும் தைக்கிறாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவும் ஒரு வழி கிடைத்திருக்கும்.

புது ஃபயரை மனைவி தெரிவு செய்துவிட்டாள். கண்ணாடி போட்டது. ரவிதான் பூட்டப்போகிறான். 'நான் அப்பவே சொன்னன்' என்று அவன் சொல்லவில்லை, அதுவும் வலிக்கிறது. உங்களில் யாரும் இந்தக் குளிருக்கு ஒன்று வாங்க யோசித்தால், அழகைக் கடைசியாகப் பாருங்கள். புகை எங்கே போகிறது, காற்று எங்கே வருகிறது என்று முதலில் கேளுங்கள். வென்டை அடைத்திருக்கிறீர்களா? இந்தப் பத்தியை மடித்து வைத்துவிட்டு இப்போதே எழும்பிப் போய்த் திறவுங்கள். வீட்டில் ஒருவர் தலையிடி என்றால் நம்புங்கள்.

நேற்று மத்தியானம் சுபா வந்திருந்தாள். கோப்பை கழுவிக்கொண்டு நின்றவள் இரண்டு விரலால் நெற்றியை அழுத்துவதைக் கண்டேன்.

"சுபா, தலை இடிக்குதோ?"

டக்கென்று கையை இறக்கினாள். "சீச்சீ... இல்லை அத்தான்" என்று சிரித்தாள்.

அந்தப் பொய்யை அவளுக்குப் பழக்கியவன் நான்தான்.