ஞானமணியின் அச்சும் என் வள்ளமும்

ஞானமணியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் படகுச் சங்கத்து மலருக்கு யாராவது எழுத வேண்டுமாம். அவளுக்கு முன் சங்கத்தின் இணையத்தளத்தைக் கவனித்துக்கொண்டவன் நான்தானாம். சரி, எழுதுகிறேன்.

அன்புவழிபுரத்துக்காரி. வயது நாற்பத்திரண்டு. பதினொரு வருடம் ஃபைபர் வள்ளம் செய்யும் பட்டறையில் பிசின் பூசினாள். அந்த மணம் நெஞ்சுக்கு ஒத்துவராமல் போக, எங்கள் இறங்குதுறையில் பயணிகளின் பெயர் பதிய வந்தாள். வந்தவள் பெயரை மட்டும் பதிந்துகொண்டு இருந்திருக்கலாம்.

அப்போது சங்கத்தின் தளம் என்னுடையது. எட்டாம் வகுப்போடு நின்றவன், வள்ளம் ஓட்டுகிறவன், பயணிகளுக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்து பிஎச்பி என்ற கணினி மொழியைப் படித்துச் செய்த தளம். டொல்பின் பார்க்க வருகிறவர்கள் இடம் பதிய, பதினான்கு வள்ளத்துக்குப் பதினான்கு பக்கம். ஒரு விதி மாறினால் பதினான்கிலும் திருத்துவேன். எல்லோரும் 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். அது எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

ஞானமணி நான்கே மாதத்தில் அதே மொழியைப் படித்துவிட்டாள். ஒருநாள் என் பக்கங்களைப் பார்த்துக் கேட்டாள்:

"கிறிஸ்தோபர் அண்ணை, ஏன் ஒண்டையே பதினாலு தரம் எழுதுறீங்கள்? ஒரு கிளாஸ் போதுமே."

"எனக்கும் தெரியும்," என்று பொய் சொன்னேன்.

"பட்டறையில அச்சு இருக்குதெல்லே, அதுதான் கிளாஸ். அதில இருந்து இழுக்கிற ஒவ்வொரு வள்ளமும் ஒரு ஒப்ஜெக்ட். உடம்பு ஒரே மாதிரி. ஏத்திற ஆக்களின்ர அளவு மட்டும் வேற வேற."

முப்பது வருடமாக வள்ளத்தில் நிற்கிறவன் நான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த அளவை அவள் 'பிரைவேட்' என்று பூட்டியும் விட்டாள். வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. அவள் எழுதிய 'ஏற்று' என்ற செயல் வழியாகத்தான் ஆள் சேரும். அளவு நிறைந்தால் அது மறுத்துவிடும். என் தளத்தில் தெரிந்தவர்கள் வந்தால் நானே ஒன்றிரண்டு கூட்டிப் போட்டுவிடுவேன். அந்த அதிகாரமும் போயிற்று.

ஒரு கிழமைக்கு அவளுடைய தளம் ஓடட்டும், ஞாயிறு பின்னேரம் கூடி யாருடையதை வைப்பது என்று முடிவெடுப்போம் என்றது சங்கம். என் வள்ளத்தின் விவரத்தைக் கொடுக்காமல் வேண்டுமென்றே இழுத்தடித்தேன். சனி காலைதான் அவசர அவசரமாகச் சேர்த்தாள்.

அன்று பின்னேரம் இறங்குதுறையில் உட்கார்ந்து அவள் எழுதியதை வரி வரியாகப் பார்த்தேன், பிழை தேடித்தான். கிடைத்தது.

என் மைத்துனன் மெல்ரோயின் வள்ளம் ஆறு பேருக்கானது. என்னுடையது பன்னிரண்டு. அவள் மெல்ரோயின் ஒப்ஜெக்டை எடுத்து, சமன் குறி போட்டு, எனக்கும் அதையே கொடுத்துவிட்டு, அளவு மாற்றவென்று தான் எழுதிய செயல் வழியாக அதைப் பன்னிரண்டு ஆக்கியிருந்தாள். பட்டறையில் 'அதைப்போல இன்னொன்று' என்றால் இரண்டாவது வள்ளம் ஒன்று வந்து நிற்கும். பிஎச்பியில் சமன் குறி போட்டால் வள்ளம் ஒன்றேதான், கூப்பிடும் பெயர்தான் இரண்டு. எனக்குப் போட்ட பன்னிரண்டு மெல்ரோய்க்கும் விழுந்துவிட்டது.

நாளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வோம் என்று போனைச் சட்டைப்பையில் போட்டேன். விடியவே வள்ளங்கள் கடலுக்குப் போகும் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. மெல்ரோயின் வள்ளத்தடியில் பதினொரு பேர். நான்கு பேர் ஏறியும் விட்டார்கள்.

"டேய், இது ஆறு பேர் வள்ளமடா!"

"சிஸ்டம் ஏத்தினது அத்தான். அது மாஸ்டர்மாரைப் போல பிழை விடாது," என்று சிரித்தான். "கிட்டத்தானே, டொல்பின் பாத்திட்டுத் திரும்பிறதுதானே."

ஐந்தாவதாக ஒரு பெண் சின்னப் பிள்ளையோடு ஏற, வள்ளம் ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது.

"எல்லாரும் இறங்குங்கோ!" என்று கத்தினேன்.

ஞானமணி ஓடி வந்தாள். முகத்தில் இரத்தமில்லை. "அளவு சரியாத்தானே போட்டனான்..."

"சமன் குறிக்குப் பிறகு குளோன் எண்டு போடும். அப்பதான் ரெண்டாவது வள்ளம் வரும்."

அங்கேயே நின்று போனில் போட்டாள். மெல்ரோய்க்கு ஆறு என்று வந்தது. மற்ற ஐந்து பேரையும் என் வள்ளத்தில் ஏற்றினேன்.

"எப்ப கண்டனீங்கள் அண்ணை?"

"நேற்று."

அவள் திரும்பிப் போய்ப் பயணிகளின் பெயர்களை மறுபடி எண்ணினாள். மெல்ரோய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான்.

பின்னேரம் கூட்டத்தில் அவளே எழும்பினாள். "பிழை என்ர. கண்டுபிடிச்சது கிறிஸ்தோபர் அண்ணை. என்ர தளத்தை வைக்கிறதெண்டால், நான் எழுதிறதை அவர் வாசிச்ச பிறகுதான் ஏத்தவேணும்."

கைதட்டினார்கள், எனக்கு. நேற்று என்ற அந்த ஒரு சொல்லை அவள் சொல்லவில்லை. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் சொல்லாததை இங்கே நான் எழுதிவிட்டேன்.

தளம் அவளுடையதுதான். இப்போதும் ஒவ்வொரு சனியும் அவள் எழுதியதை வரி வரியாக வாசிக்கிறேன். பிழை கண்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன். இதுவரை மூன்றுதான் கண்டேன். அதற்கும் வயிறு எரிகிறது.