கீழ்வீட்டுக்காக நொண்டியவர்

என் அப்பா சின்னதுரை நாற்பத்தாறு வயதில் நொண்டக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவள் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தொண்ணூற்றிரண்டில் புனேக்கு வந்தவர். சிஞ்ச்வட்டில் ரயில் பாதையை ஒட்டியிருந்த வஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், தகரக்கூரை போட்ட ஓர் அறை, கோலி என்போம். கார் உதிரிபாகப் பெட்டிகளை டெம்போவில் ஏற்றி இறக்குவது வேலை. வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்பதற்கே கூச்சப்படுவார். அப்படிப்பட்டவர் அரசாங்கத்தை ஏமாற்றினார் என்றால் நம்ப மாட்டீர்கள். நானே பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த கோலியில் அந்தோணியம்மாள் இருந்தாள். ரத்த சொந்தம் இல்லை. ஆனால் அப்பா அவளை மைனி என்று கூப்பிடுவதால் எனக்குப் பெரியம்மா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. விடிந்ததும் வஸ்தி முனையில் இட்லிப் பானையோடு உட்கார்ந்துவிடுவாள். முதல் ஷிப்டுக்குப் போகிற மராத்திக்காரர்கள் மாவ்ஷி, மாவ்ஷி என்று சித்தி முறை வைத்து அவளைச் சுற்றி நின்று தின்பார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவள். உட்கார்ந்தால் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் அப்பாதான்.

வஸ்தியை இடித்து அங்கேயே நாலு மாடிக் கட்டடங்கள் கட்டி, இருக்கிறவர்களுக்கே வீடு கொடுப்பது என்று முடிவாகி, 2006இல் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். அந்த வாரம் அப்பா மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். டெம்போவிலிருந்து ஒரு பெட்டி சரிந்து இடது கணுக்காலை முறித்திருந்தது. வந்தவர் கட்டைப் பார்த்தார். ஊனமுற்றவர் என்பதற்கு மராத்தியில் 'அபங்க்' என்பார்கள். அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"நஹி சாஹேப், டீக் ஹோ ஜாயேகா" என்று, சரியாகிவிடும் எனச் சொல்ல அப்பா வாயெடுத்தார். அம்மா அவர் காலில் நறுக்கென்று கிள்ளினாள். நல்ல காலில்.

கட்டடம் எழும்பும்வரை எல்லோரும் ஆளுக்கொரு திசையில் போனோம். பெரியம்மாவும் மற்றவர்களும் மாநகராட்சி போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகைகளுக்கு. நாங்கள் போசரியில் வாடகைக்கு. அப்பாவின் கால் அங்கேதான் தேறியது, பழைய வஸ்திக்காரர்கள் யாரும் பார்க்காமலே. கட்டுப் பிரித்த புதிதில் அவர் காலை இழுத்து நடப்பார், நான் பின்னாலேயே அதேபோல இழுத்து நடப்பேன். தெருவே சிரிக்கும். அவர் தேறி மறுபடியும் பெட்டி தூக்கப் போன பிறகும் நான் அந்த ஆட்டத்தை விடவில்லை. வேறு சொத்து எதுவும் எனக்கு இல்லையே.

2009இல் வீடு ஒதுக்க அழைப்பு வந்தது. தரைத்தள வீடுகள் முதலில் கணக்கெடுப்பில் 'அபங்க்' என்று எழுதப்பட்டவர்களுக்கு, மிஞ்சினால் வயதானவர்களுக்கு, மற்ற எல்லோருக்கும் குலுக்கல் என்றார்கள். லிஃப்ட் கிடையாது.

"நாம ஒரு பொய்யும் சொல்லல, அவனாத்தான் எழுதுனான்" என்றாள் அம்மா. "கீழ்வீடு கெடச்சா ஜன்னல் ஓரமா இஸ்திரி மேசையப் போட்டுருவேன். நாலு மாடி ஏறி எவன் துணி கொண்டாருவான்?"

அப்பா இடது கணுக்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, கால மடக்கணுமா?"

"மடக்கக் கூடாதுப்பா. இழுக்கணும். பாதம் தரையில தேயணும். மூஞ்சில வலியக் காட்டிராதீங்க. நெசமா வலிக்கவன் மறைக்கத்தான் பாப்பான்."

"களவாணி, இதெல்லாம் எங்கட்டி படிச்ச?"

"உங்ககிட்டதான்."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. சத்தியமாக வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது.

மண்டபத்தில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாசலிலிருந்து மேஜைவரை இழுத்து இழுத்து நடந்தார். நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாகவே நடந்தார். அதிகாரி பாதி எழுந்து, "பசா, பசா" என்று நாற்காலி கொடுத்தார். சாவியும் கொடுத்தார். பிறகு மைக்கில், எங்கள் கட்டடத்தில் தரைத்தளம் இத்தோடு முடிந்தது என்றார்.

அடுத்த பெயர் அந்தோணியம்மாள்.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். வயதானவர்கள் வரிசையில் அவள்தான் முதல் ஆள். தரைத்தளம் முடிந்துவிட்டதால் குலுக்கல் பெட்டிக்குள் கை விடச் சொன்னார்கள். நாலாம் மாடி.

"ஆண்டவருக்குப் பக்கத்துலயே வீடு குடுத்துட்டாவ" என்று சிரித்துக்கொண்டே எங்களிடம் வந்தாள். அப்பாவின் தோளைத் தட்டினாள். "ஒனக்குக் கீழ கெடச்சுதே, அது போதும்யா. இந்தக் கால வச்சுக்கிட்டு நீ எங்க ஏறுவ?"

அப்பா எழுந்திருக்கவில்லை. அந்த நாற்காலியிலிருந்து அவரை நானும் அம்மாவும் சேர்ந்துதான் எழுப்பினோம். அது நடிப்பில்லை.

அதன் பிறகு அப்பாவுக்கு இரண்டு நடை. போசரி குடோனில் நேர்நடை. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிவார், நிமிரும்போது நொண்டி. பெரியம்மா விடியுமுன்னே ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து கீழே இறங்கிவருவாள். முன்னால் அப்பா இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு காலை இழுத்தபடி இறங்குவார். பானை தளும்பாமல் நொண்டுவது லேசான காரியமில்லை. இதைப் பார்த்துப் பார்த்துக் கட்டடமே உருகியது. சொசைட்டி செக்ரட்டரி காளே காக்கா குடியரசு தினத்தன்று, "தன் கால் போனாலும் பிறத்தியாரைத் தூக்குகிறான், இவன்தான் மனிதன்" என்று மராத்தியில் பேசி, அப்பாவையே கொடியேற்றச் சொன்னார். கொடிக்கம்பம்வரை அப்பா நொண்டிப் போனதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. என் ஆட்டத்துக்குக்கூட அவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் ஒருநாள் பெரியம்மா படியில் சறுக்கினாள். எலும்பு முறியவில்லை, ஆனால் முழங்கால் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. அத்தோடு இறங்குவதை நிறுத்திவிட்டாள். இட்லிப் பானை அடுப்பு மேடையில் கவிழ்ந்தே கிடந்தது. கட்டடத்து முனையில் வேறொருவன் போஹா என்கிற அவல் உப்புமா வண்டி போட்டான். பெரியம்மா ஜன்னலில் உட்கார்ந்து, தன்னிடம் சாப்பிட்டவர்கள் அவனிடம் சாப்பிடுவதை உச்சியிலிருந்து பார்ப்பாள். கஞ்சிக்கு அரிசியை அம்மா என்னிடம் கொடுத்தனுப்புவாள். பெரியம்மா வாங்கிக்கொள்வாள், ஆனால் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். உழைத்துத் தின்ற பொம்பளை.

அந்தோணியார் கோயிலுக்கும் போக முடியாததால், செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு மெழுகுதிரியை என்னிடம் கொடுத்துவிடுவாள். "ஒங்கப்பன் காலுக்குன்னு சொல்லி அந்தோணியார்கிட்ட ஏத்திட்டு வா." முதல் வாரம் சுரூபத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். ஊரெல்லாம் ஏமாற்றலாம், இவரிடம் எப்படி? கடைசியில், "பெரியம்மா முழங்காலுக்கு" என்று சொல்லி ஏற்றிவிட்டு ஓடிவந்தேன். வாராவாரம் அப்படித்தான் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மேலே போனார், வழக்கம்போல நொண்டிக்கொண்டே.

"மைனி, வீட்ட மாத்திக்கிடுவோம். காயிதம் அவரவர் பேர்லயே கெடக்கட்டும். நீங்க கீழ இருங்க, நாங்க மேல வந்துருதோம்."

"சும்மா கெட. ஏறி வந்ததுக்கே ஒனக்கு மூச்சு வாங்குது. நொண்டிக்காலன மேல ஏத்திட்டு நான் கீழ சொகமா இருக்கவா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்யா."

அப்பா இறங்கி வந்தார். அம்மாவுக்கு நிம்மதி வந்தது. "கேட்டாச்சுல்லா? அவளே வேண்டாமின்னுட்டா. பெறவென்ன?" எனக்கும் அப்படித்தான் இருந்தது. கீழ்வீடு நல்ல வீடு. ஜன்னல் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி, வாசலில் துணி மூட்டைகள், நின்று பேசிவிட்டுப் போகிற ஆட்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெழுகுதிரி வாங்க மேலே போனேன். பெரியம்மா வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள்.

"சாப்பிடலியா பெரியம்மா?"

"செவ்வாக்கெழம ஒருபொழுதுட்டி. ராத்திரிதான். ஒங்கப்பன் காலுக்கு நேந்திருக்கேன். அந்தக் கால் நேரானா அவன் மேல வருவான், நான் கீழ போவேன். ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல்தான், பாத்துக்க."

நான் கோயிலுக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அப்பா இறங்கி, செருப்புக்குக் குனிந்தபோது சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் நொண்டவில்லை.

அன்று நாலு மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினார். நான் பின்னால் ஓடினேன். பெரியம்மா வீட்டு வாசலிலிருந்து அடுப்புவரை நடந்தார். திரும்பி வாசலுக்கு நடந்தார்.

"மைனி, பாருங்க."

பெரியம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். வாய் கோணியது. "அந்தோணியாரே! நடக்கானே! எய்யா, நேரா நடக்கானே!" சிலுவை போட்டாள், அழுதாள், சிரித்தாள், அப்பாவின் காலைத் தொட்டுப் பார்க்கக் குனிந்து முடியாமல் தடுமாறினாள்.

அப்பா பேசாமல் இருந்திருந்தால் போதும். வீடு மாறியிருக்கும், பெரியம்மா கீழே போயிருப்பாள், அந்தோணியார் செய்த புதுமை என்று ஊரே சொல்லியிருக்கும். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சொல்லாதீங்க, சொல்லாதீங்க.

"இல்ல மைனி" என்றார். "போசரிலயே தேறிட்டு."

அவளுக்குப் புரியவில்லை. கண்ணீரோடு சிரித்தபடியே நின்றாள். பிறகு சிரிப்பு மட்டும் நின்றது.

"சீட்டு குலுக்குன அன்னைக்கு?"

"அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தது."

"அப்ப அந்தக் கீழ்வீடு…"

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பெரியம்மா மெல்ல அடுப்பு மேடைக்குப் போனாள். சட்டியைத் திறந்து பழைய சோற்றை அள்ளித் தட்டில் போட்டாள். இருட்டக்கூட இல்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே, உப்பு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், பிடி பிடியாகத் தின்றாள்.

"இனி எதுக்கு ஒருபொழுது" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள், "எப்ப ஒழிச்சுத் தருவ?"

"நாளைக்கே மைனி."

அம்மா ராத்திரி முழுக்க ஏசினாள். விடிந்ததும் அவளே முதலில் துணிகளை மூட்டை கட்டினாள். அப்பா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து, குடோனில் நடப்பதுபோல நேராக நடந்து படியேறினார். வாசல் வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். காளே காக்கா முதல் மாடியில் வழிமறித்தார்.

"அரே சின்னதுரை, பாய்?" என்றார், காலைக் காட்டி.

"பரா ஜாலா காக்கா. கேவ்ஹாச் பரா ஜாலா."

சரியாகிவிட்டது, எப்போதோ சரியாகிவிட்டது. காளே காக்கா பெட்டியைப் பார்த்தார். கீழே, உட்கார்ந்து உட்கார்ந்து படியிறங்கிக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார். புகார் எழுதிப் போடவில்லை. அப்பா நமஸ்கார் சொன்னால் திருப்பிச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

இப்போது பெரியம்மாவின் வாசலில் இட்லிப் பானை ஆவி விடுகிறது. போஹாக்காரன் பாதி வியாபாரத்தை இழந்து முறைக்கிறான். அம்மாவின் துணி மூட்டைகளை நான்தான் நாலு மாடியும் தூக்குகிறேன். இஸ்திரிக்கு முன்பு வந்ததில் கால்வாசிதான் வருகிறது. பெரியம்மா என்னோடு பேசுவாள். அம்மாவிடம் ஒன்றிரண்டு வார்த்தை. அப்பா அந்த வாசலைக் கடக்கும்போது கரண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஏட்டி, ஒங்கப்பன் என் வாசல்ல வரும்போது மட்டும் எதுக்குக் கால இழுக்கான்? எனக்குப் பாக்கவே எரிச்சலா வருது. நேரா நடக்கச் சொல்லு."

நான் மேலே போய்ச் சொன்னேன்.

"நானா? எங்கட்டி இழுக்கேன்?" என்று அப்பா எழுந்து அறைக்குள் நடந்து காட்டினார். நேராகத்தான் நடந்தார்.

மறுநாள் காலையில் படியின் கடைசி வளைவில் ஒளிந்து நின்று பார்த்தேன். கடைசிப் படிவரை நேராக இறங்கினார். பெரியம்மாவின் வாசல் வந்ததும் அவரது இடது பாதம் தரையில் தேய ஆரம்பித்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. பெரியம்மா கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு, முதல் தடவையாக அவரைத் தலைநிமிர்ந்து பார்த்தாள். "நேரா நடடே" என்றாள்.

அப்பா நின்றார். முயற்சி பண்ணினார். முடியவில்லை.