தப்பு எழுதுற நோட்டு

மோனிஷா அக்காவுக்கு நடந்ததைப் பத்திப் பேச்செடுத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருதுங்க.

எங்க நர்சிங் கிளாஸ்ல அதுதான் மூத்தது. மூலனூர்க்காரங்க. பனியன் கம்பெனியில நாலு வருசம் செக்கிங்ல இருந்துட்டுப் படிக்க வந்துச்சு. தச்ச பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தா அந்த எடத்துல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டற வேலை. "ஒட்டுனா சரி பண்ணிருவாங்க கண்ணு. ஒட்டாம உட்டாத்தான் வம்பு"ன்னு சொல்லும்.

எங்களுக்குப் பாடம் எடுக்கற சுப்புலட்சுமி மேடம் தன்னோட பிஎச்.டி. ஆராய்ச்சிக்குன்னு எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டு குடுத்தாங்க. வார்டுல செஞ்ச தப்பை அன்னன்னைக்கே எழுதணும். அப்படி எழுதுனா தப்பு கொறையுதான்னு பார்க்கறாங்களாம். "மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. என்னைத் தவிர ஒருத்தரும் படிக்க மாட்டாங்க"ன்னாங்க. சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணாத குறைதான்.

நாங்க என்னத்தையோ கிறுக்கிக் குடுத்தோம். அக்கா நம்பிருச்சு. நோயாளி கையில கட்டியிருக்கற பேர்ப் பட்டையைப் பார்க்காமயே ஊசி போடப் போயிட்டேன், குத்தறதுக்கு முன்னால நெனப்பு வந்து பார்த்தேன், நல்லவேளை ஆள் சரிதான்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சிருச்சு.

அடுத்த வாரமே அந்த நோட்டு பிரின்சிபால் மேசை மேல கெடக்குது! வார்டுல அக்காவுக்குச் சோடி நாந்தான்னு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க.

"மேடம், நீங்கதானுங்களே எழுதச் சொன்னீங்க?" அக்கா கேட்டுச்சு. மேடம் ஜன்னலைப் பார்த்துட்டு நின்னாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துருமா?

பிரின்சிபால் என் பக்கம் திரும்பி, "நீயும் இப்படிப் பண்ணுனியா?"ன்னு கேட்டாங்க.

"இல்லீங்க மேடம்."

ரெண்டு தரம் பண்ணியிருந்தேன். அக்காவுக்கும் தெரியும். அது வாயே தெறக்கல.

ஆறு மாசம் அக்கா வார்டுக்குப் போகக் கூடாது, ஜூனியருங்களோட உக்காரணும்னுட்டாங்க. அன்னையிலிருந்து கிளாஸ் மொத்தமும் நோட்டுல எழுதுனது ஒரே வரிதான்: தப்பு எதுவும் இல்லை.

போன வாரம் செமினார் ஹால்ல மேடம் தன்னோட ஆராய்ச்சிக் கணக்கைப் படமாப் போட்டுக் காட்டுனாங்க. மொத மாசம் நாப்பத்தஞ்சு தப்பு, கடைசி மாசம் ஒண்ணுகூட இல்ல. இந்த முறையால மாணவிகளோட திறமை கூடிருச்சுன்னு அவங்க சொல்ல, ஹாலே கை தட்டுச்சு.

பின்னால ஜூனியருங்க வரிசையில இருந்து அக்கா பார்த்துச்சு. மேடத்தை இல்லீங்க, என்னைத்தான். நானும் தட்டிட்டுத்தான் இருந்தேன்.