வயலினுக்குத் தைத்த உறை

என் வயலினுக்கு வெள்ளைப் பனியன் துணியில் தைத்த உறை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் வயலின் வாங்கிக் கொடுத்த கையோடு, அப்பா தன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் தானே உட்கார்ந்து தைத்தது. தைப்பதற்கு முன் துணியை நனைத்து, காயவைத்து, மறுபடியும் நனைத்தார். பனியன் துணி சுருங்கும். சுருங்கி முடித்த பிறகு தைத்தால்தான் அளவு நிற்கும். "தண்ணி காட்டாத துணிய நம்பக் கூடாது கண்ணு" என்பார். வயலினும் பனியன் போட்டுக்கொண்டதே என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

நூல் வாங்குவதில் அப்பாவிடம் யாருடைய பருப்பும் வேகாது. எத்தனை பேர்போன மில்லானாலும் முதலில் ஒரே ஒரு கோன் நூலை வாங்கி வருவார். மெஷினில் ஓட்டி, வந்த துணியைத் துவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் மூட்டை இறங்கும். "பேரையா மெஷின்ல ஓட்டறோம்? நூலத்தானுங்க ஓட்டறோம்" என்று மில்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்களுக்குச் சிரிப்பு வராது.

விற்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். எங்கள் கம்பெனிக்கென்று சொல்லிக்கொள்ளப் பெயர் கிடையாது. பெரிய கம்பெனிகள் எங்களிடம் தைத்து வாங்கித் தங்கள் லேபிளை வைத்துக்கொள்ளும். அந்தப் பனியன் பெரிய கடைகளின் கண்ணாடி அலமாரிக்குப் போகும். அதே துணியில் அதே கை தைத்த பனியன், லேபிள் இல்லாவிட்டால் காதர்பேட்டை மொத்தக் கடைகளில் குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசியில் நான் பிளஸ் டூ முடித்தேன். கோயமுத்தூரில் ஒரு சின்ன இசைக் கல்லூரிக்குப் போனோம். அங்கிருந்த வயலின் ஆசிரியை என்னை நெடுநேரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, வில் பிடித்திருந்த என் மணிக்கட்டைத் தொட்டு லேசாகத் திருப்பிவிட்டார். அதுவரை கரகரத்துக்கொண்டிருந்த தடித்த தந்தி சட்டென்று இளகிப் பேசியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படித்தால் இங்கேதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மெட்ராஸில் இருந்த பெரிய கல்லூரியும் இடம் கொடுத்தது. ஆனால் வயலின் பிரிவு நிறைந்துவிட்டது, வாய்ப்பாட்டில் சேரலாம், இடம் காலியானால் மாற்றித் தருவோம் என்றார்கள்.

அப்பா காதர்பேட்டையில் போய் விசாரித்தார். சங்கீதத்தைப் பற்றி விசாரிக்க அதைவிடத் தோதான இடம் அவருக்குத் தெரியவில்லை. எங்களிடம் சரக்கு எடுக்கும் பாய் அடித்துச் சொன்னார்: "மெட்ராஸ் காலேஜ்தானுங்கண்ணா நெம்பர் ஒண்ணு. பேரச் சொன்னா பம்பாய்க்காரனுக்கும் தெரியும். கோயமுத்தூர்க் காலேஜ் கோயமுத்தூர்க்காரனுக்கே தெரியாதுங்களே."

"நான் வயலின்தானுங்கப்பா படிக்கோணும்" என்றேன்.

"உள்ள போயிட்டா மாத்திக்கலாங் கண்ணு. மொதல்ல பேரு வேணும். லேபிளில்லாம நான் பட்டது போதும்" என்றார். மெட்ராஸில் வாய்ப்பாட்டில் சேர்ந்தேன்.

வயலின் பிரிவில் இடம் காலியாகவே இல்லை. கல்லூரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. என்னோடு படித்த சிலர் பாடினால் வழியில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். என் குரல் சுமார். அப்பா விடுதிக்கு வரும்போதெல்லாம், "வயலினுக்கு மாத்திட்டாங்களா கண்ணு?" என்று கேட்பார். "இன்னுமில்லீங்கப்பா" என்பேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். கட்டிலுக்கடியில் இருந்த வயலினை முதலில் மாலைகளில் எடுத்தேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், அப்புறம் இல்லை. அழுகை வந்திருந்தால் தேவலை. காய்ச்சல்காரி நாக்குக்கு எல்லாம் ஒரே ருசி என்பது போல நாட்கள் போயின.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் என் பட்டத்தைக் கண்ணாடி போட்டுக் கம்பெனியில் மாட்டினார். சரக்கெடுக்க வந்த பாய் அதைப் பார்த்துவிட்டு, "எங்கே, வயலின் வாசிம்மா, கேப்போம்" என்றார். "பாட்டுத்தானுங்க படிச்சேன்" என்று சொல்லி ஒரு கீர்த்தனை பாடினேன். பாய் தலையாட்டிக் கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பாய் போன பிறகு, மேசையிலிருந்த நூல் கோன் ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்தக் கோயமுத்தூர் வாத்தியாரம்மா ஓட்டிப் பாத்துச்சு. நாந்தான் பாக்காமப் போயிட்டேன் கண்ணு."

"பரவால்லீங்கப்பா" என்றேன். பரவாயில்லை என்றும் எனக்குத் தோன்றவில்லை, தப்பு என்றும் தோன்றவில்லை.

அப்பா இப்போது இல்லை. நான் உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். அந்தக் கல்லூரியின் பெயரைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள். பெயருக்குப் பலன் இல்லை என்று நான் சொன்னால் வாய் அழுகிவிடும். சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் வந்து எந்த இசைக் கல்லூரி முதலிடம் என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். பிள்ளை என்ன வாசிக்கிறது என்று நான் கேட்பதற்குள் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள்.

போன வாரம் அந்த உறையைத் துவைத்துக் காயப்போட்டேன். திரும்ப மாட்டினால் அளவு அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் நகக்கண் அளவுகூடச் சுருங்கவில்லை. அப்பா வேலை அப்படி. என்னவோ தோன்றி உறையைக் கழற்றி, வயலினைத் தோளில் வைத்து, வில்லை எடுத்தேன். மணிக்கட்டை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். அந்த வாத்தியாரம்மா எந்தப் பக்கம் திருப்பிவிட்டார் என்பது மறந்துபோயிருந்தது.